தென்மேற்கு வாசல்

“இந்தக் கட்டிலில் ஒருவர் தூங்குகிறார். படிக்கட்டில் தீப்பிடித்துவிட்டது. அவர் எப்படி வெளியே வருவார்? விரலால் காட்டு.”

கேட்டவர் நேர்முகத் தேர்வு நடத்திய பேராசிரியை. கேட்கப்பட்டவள் சாம்பவி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. மேசையில் விரிந்து கிடந்தது அவள் வரைந்த படம். ஸ்காபரோவில் இருக்கும் அவளுடைய வீட்டின் பேஸ்மென்ற், நிலத்துக்குக் கீழான தளம். அதை அளந்து, சுவருக்கு வெளிர்பச்சை பூசி, மறைவிளக்குப் போட்டு, சுவரோடு மடங்கும் கட்டில் வைத்து, அழகு அழகாக மாற்றி வரைந்திருந்தாள். கொண்டுவந்த படங்களில் இதுதான் சிறந்தது என்று நம்பி, கடைசியாக எடுத்து வைத்திருந்தாள்.

விரல் படிக்கட்டை நோக்கிப் போனது. அங்கே நெருப்பு. ஜன்னலுக்குப் போனது. அவளே அளந்த ஜன்னல். ஒரு பூனை போகலாம். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“இது உண்மையான வீடா?”

“ஆமாம்.”

“யாராவது கீழே இருக்கிறார்களா?”

சாம்பவி ஆம் என்று தலையசைத்தாள். பேராசிரியை திட்டவில்லை. படத்தை மெதுவாகச் சுருட்டிக் கையில் கொடுத்தார்.

“எந்தச் சுவருக்கு எந்தத் திரை பொருந்தும் என்று சொல்லித்தர நல்ல இடங்கள் இருக்கின்றன. இங்கே முதல் நாளே இந்தக் கேள்வியில்தான் தொடங்குவோம். நாலு வருடமும் இதுதான். வேண்டுமா என்று யோசித்துக்கொள்.”

அவள் விண்ணப்பித்தது இரண்டு இடங்களுக்கு. ஒன்று இது, நகர மையத்தில் இன்ரீரியர் டிசைன் பட்டப்படிப்பு. மற்றது ஒஷாவாவில் இரண்டு வருட அலங்கார டிப்ளோமா. அன்று காலைவரை மனசு ஒஷாவாப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. சுகமான படிப்பு, சீக்கிரம் முடியும்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் இரண்டையும் நினைக்கவில்லை. நிரோஷினி அக்காவை நினைத்தாள்.

*

நிரோஷினி மன்னாரிலிருந்து படிக்க வந்தவள். இரவில் பார்சல் கிடங்கில் வேலை. காலையில் வந்து, வாடகைக்கு எடுத்த பேஸ்மென்றின் பின்னறையில் விழுந்தால் பிணம் மாதிரித் தூங்குவாள். போன் அலாரம் அடித்து அடித்து ஓய்ந்துபோகும். கடைசியில் சாம்பவியின் அம்மா இராஜேஸ்வரி, மேலே சமைக்கிற குசினியின் தரையில், கூட்டுகிற தும்புத்தடியால் குத்தித்தான் அவளை எழுப்புவாள்.

சாம்பவி அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். ஒரு ஜன்னலையாவது பெரிதாக்க முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். உள்ளே அளந்தாள். வெளியே போய் அளந்தாள். கணக்கு இடித்தது. மறுபடி அளந்தாள்.

வெளியே இருக்கும் சுவர் உள்ளே இல்லை. தென்மேற்கு மூலையில் மூன்றரை அடியைக் காணவில்லை.

மூலைச் சுவரில் விரலை மடக்கித் தட்டினாள். மற்ற இடமெல்லாம் கொங்கிறீற். இங்கே மட்டும் வெற்றுப்பெட்டி மாதிரிச் சத்தம்.

“தட்டாதை, பிள்ளை.”

படிக்கட்டில் அப்பா நின்றார். நவரட்ணம். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டியவர். நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தபிறகு வீட்டோடு இருப்பவர்.

“இதுக்குப் பின்னாலை என்ன அப்பா?”

அவர் படியில் உட்கார்ந்தார்.

“கதவு.”

“என்ன கதவு?”

“வெளியாலை போற கதவு. படியும் இருக்கு. படிக்கு மேலைதான் பின்வளவிலை உந்தப் பலகை டெக்கை அடிச்சு மூடினது.”

சாம்பவி மறுபடி அந்தச் சுவரைத் தொட்டாள். “ஏன் மூடினனீங்கள்?”

“கொம்மாவைக் கேள்.”

*

அம்மாவிடம் கேட்டது இரவுச் சாப்பாட்டில். பெரியம்மாவின் மகன் கஜீவனும் வந்திருந்தான். வீடு திருத்தும் வேலை செய்பவன். வாயைத் திறந்தால் பகிடி.

“இன்ரீரியர் டிசைனோ?” என்றான் அவன், இடியப்பத்தைப் பிசைந்தபடி. “அப்ப எங்கடை வீட்டுக்கும் ஒருக்கா வந்து குஷன் மாத்திவிடு.”

“நாலு வருஷம் படிச்சுத் திரைச்சீலை தைக்கப்போறாளாம்,” என்றாள் இராஜேஸ்வரி.

“அம்மா, கீழை ஒரு கதவு இருக்கு. நீங்கள் ஏன் அடைச்சனீங்கள்?”

இராஜேஸ்வரியின் அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றது. கஜீவன் தட்டைப் பார்த்தான். அந்தக் கதவை மறைத்துச் சுவர் எழுப்பியவன் அவன்தான்.

“இந்த வீட்டை வாங்கேக்கை வாஸ்து பாக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்,” என்றாள் அம்மா. குரலில் சண்டை இல்லை. பஞ்சாங்கம் வாசிப்பது போல ஒரே சீராகச் சொன்னாள். “தென்மேற்கிலை பள்ளமும் வாசலும் இருந்தால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாது எண்டவர். அப்பத்தான் உன்ரை அப்பா நாங்கள் முந்தி இருந்த டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ற்றிலை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்து எழும்பினவர். குடிவர முதலே அடைச்சம். இண்டைவரைக்கும் அந்த மனுசனுக்கு ஒரு குறையும் இல்லை.”

“அது பைபாஸாலை அம்மா.”

“பைபாஸ் செய்த எல்லாரும் இருக்கினமோ?”

“கீழை ஒரு ஆள் படுக்கிறா. ஃபயர் வந்தா அவ எப்பிடி வெளியிலை வாறது?”

“என்ரை வீட்டிலை ஏன் நெருப்பு வருது? வாயைக் கழுவு.”

கஜீவன் சிரிக்கப் பார்த்தான். யாரும் சேரவில்லை. அப்பா தண்ணீர் குடித்தார். “சனி மாறட்டும். பிறகு பாப்பம்,” என்றார் யாரையும் பார்க்காமல்.

அடுத்த நாள் சாம்பவி நிரோஷினியிடம் சொன்னாள். நகரசபையான சிற்றிக்கு அறிவித்தால் அவர்கள் வந்து பார்ப்பார்கள், கதவைத் திறக்க வைப்பார்கள் என்றாள். நிரோஷினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தங்கச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சிற்றிக்காரன் வந்தால் முதல்லை என்னைத்தான் எழுப்புவான். நான் எங்கை போறது? முந்தி ஒரு அறையிலை ஆறு பேர் கிடந்தனாங்கள். எனக்கு இது காணும்.”

“அக்கா, இது பெட்டி.”

“தெரியும். நித்திரை வருகுதெல்லோ.”

*

ஏப்ரலில் இரண்டு இடத்திலிருந்தும் அனுமதி வந்தது. ஜூன் பிறக்குமுன் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை. இராஜேஸ்வரி அயல்வீட்டு அன்ரியின் காரில் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தாள். நிரோஷினிக்குப் பகல் வகுப்பு. வீட்டில் அப்பாவும் மகளும்தான்.

“எதை எடுக்கப்போறாய்?” என்று கேட்டார் நவரட்ணம்.

“கதவைத் திறந்தபிறகு சொல்லுறன்.”

சொல்லிவிட்டு அவள் பின்வளவுக்குப் போனாள். டெக் பலகைகளைக் கடப்பாரையால் ஒவ்வொன்றாய் நெம்பினாள். கீழே படி தெரிந்தது. உக்கிய இலையும் உருகாத பனியும் அதை மூடிக் கிடந்தன. அள்ளி அள்ளிக் கொட்டினாள். அடியில் ஒரு கதவு, பச்சைப் பெயின்ற் உரிந்து. தள்ளினாள். அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள், அதற்கப்பால் சுவர்.

சுத்தியலுடன் உள்ளே வந்தபோது அப்பா அங்கே நின்றார். தென்மேற்கு மூலையில், நிரோஷினியின் துணிக்கொடியை ஏற்கனவே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு.

“தா இங்கை.”

“அப்பா, உங்களுக்கு ஏலாது. டொக்டர் என்ன சொன்னவர்?”

“அடைக்கச் சொல்லேக்கை தலையாட்டினவன் நான். அந்தப் பிள்ளை ஒவ்வொரு விடியவும் படி இறங்கேக்கை எனக்கு நெஞ்சு இடிக்கும். நீ இப்பத்தான் கேக்கிறாய். நான் அடைச்ச நாளிலையிருந்து அஞ்சு வருஷமாய் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறன்.”

“நான் உடைக்கிறன். நீங்கள் இருங்கோ.”

“நீ உடைச்சால் கொம்மா உன்னை மன்னிக்கமாட்டாள். நான் உடைச்சால் ரெண்டு நாள் கதைக்கமாட்டாள். அவ்வளவுதான். தா.”

முதல் அடியிலேயே ட்ரைவால் சுவர்ப்பலகை கிழிந்தது. வெள்ளைப் புழுதி. சாம்பவி கையால் பிய்த்து இழுத்தாள். அவர் அடித்தார். குறுக்குச் சட்டம் ஒன்று விட்டுக்கொடுக்க மறுத்தது. அவள் சுத்தியலை வாங்கப்போனாள். அவர் தரவில்லை. அறுபது வயசு மனிதர் அன்று எதையோ பழிவாங்குவது போல அடித்தார். சட்டம் முறிந்தது.

தாழ்ப்பாளை இழுத்தார். கதவு முனகிக்கொண்டு உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே வெளிச்சம் வந்தது.

நவரட்ணம் வெளிப்படியில் போய் உட்கார்ந்தார். முகமெல்லாம் புழுதி.

“காத்து வருது, பிள்ளை,” என்றார்.

பிறகு இடதுகையைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ போல. பக்கவாட்டில் சாய்ந்தார்.

அம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். வீட்டுப் படிக்கட்டின் வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. புதிதாகத் திறந்த கதவால்தான் அவரைக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கோயிலிலிருந்து வந்த இராஜேஸ்வரி நெற்றியில் விபூதியுடன் பின்வளவில் நின்றாள். பிடுங்கிய பலகைகளைப் பார்த்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். திறந்த கதவைப் பார்த்தாள். அழவில்லை.

“சொன்னனான்,” என்றாள்.

*

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் குசுகுசுத்தார்கள். “மருந்தும் மாத்திரையுமாய் இருந்த மனுசனைச் சுத்தியல் பிடிக்க விட்டவளாம்.” “படிப்புக்காகவாம்.” டொக்டர் சொன்ன காரணம் வேறு. பழைய அடைப்பு, எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கும். அதை இராஜேஸ்வரி கேட்டாள். ஆனால் அவளுக்கு அது பதிலாக இல்லை. அடைத்தாள், புருஷன் இருந்தான். திறந்தார்கள், இல்லை. இதில் டொக்டருக்கு என்ன வேலை?

சாம்பவியிடம் அவள் பேசியது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள். கஜீவனின் வான் வாசலில் நின்றது. உள்ளே ட்ரைவால் பலகைகள்.

“ரெண்டையும் அடை,” என்றாள் இராஜேஸ்வரி. “அந்தக் கதவையும், அந்தப் படிப்பையும். ஒஷாவாவுக்குப் போ. குஷன் தை. நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

“அப்பா தன்ரை கையாலை திறந்தவர் அம்மா.”

“அதுதானே அவரைக் கொண்டுபோச்சு.”

“இப்ப அடைச்சால் அவர் வருவாரோ?”

இராஜேஸ்வரி ஒரு அடி கிட்ட வந்தாள். “நீ இருப்பாய். இந்த வீட்டிலை மிச்சம் இருக்கிற தலை நீதான். விளங்குதோ உனக்கு?”

சாம்பவிக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மா கோபத்தில் அடைக்கவில்லை. பயத்தில் அடைக்கிறாள். கோபம் என்றால் ஆறும் வரை பொறுக்கலாம். இதற்கு என்ன செய்வது?

மாடிக்குப் போனாள். தன் மெத்தையை இழுத்தாள். ஹோல் வழியாக, குசினி வழியாக, கீழ்ப் படிக்கட்டு வழியாக. வளைவில் மாட்டியது. காலால் உதைத்து இறக்கினாள். தென்மேற்குக் கதவுக்கு முன்னால் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். பட்டப்படிப்புக்குச் சம்மதம் என்ற இடத்தைத் தொட்டாள். கேட்டதற்கெல்லாம் ஓம் என்று தொட்டுக்கொண்டே போனாள். முடிந்தது.

கஜீவன் ஒரு பலகையைச் சுமந்துகொண்டு வந்தவன் அவளைக் கண்டு நின்றான்.

“எழும்படி. பகிடி விடாதை.”

“நான் இனி இங்கைதான் படுக்கிறன் அண்ணா. நிரோஷினி அக்கா பின்னறையிலை, நான் இதிலை. அடைக்கிறதெண்டால் அடையுங்கோ.”

“சித்தி,” என்று மேலே பார்த்துக் கூப்பிட்டான் அவன்.

இராஜேஸ்வரி இறங்கி வந்தாள். அவர் போனபிறகு அவள் கீழே வருவது அதுதான் முதல்தடவை. மெத்தையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மகளுக்குப் பின்னால் கதவின் இடுக்கில் மே மாத வெயில்.

“இவளை உள்ளுக்கை வைச்சே அடைக்கட்டோ சித்தி?” கஜீவன் பகிடியாகத்தான் கேட்டான். பாதியில் குரல் இறங்கிவிட்டது.



“வேண்டாம்,” என்றாள் இராஜேஸ்வரி. “திறந்தே கிடக்கட்டும். அவ அதாலையே போகட்டும். அதாலையே வரட்டும். அந்த வாசல் இந்த வீட்டு வாசல் இல்லை. அங்கை இருக்கிறவ இந்த வீட்டுப் பிள்ளையும் இல்லை. பிறகு அது அவளை என்ன செய்யும்?”

“அம்மா.”

“கஜீவன், பலகையை விடு. ஒரு கொண்டியும் பூட்டும் எடுத்துக்கொண்டு மேலை வா.”

அவள் ஏறிப் போனாள். ஒவ்வொரு படியிலும் கையை ஊன்றி. கஜீவன் சாம்பவியைப் பார்த்தான். பலகையைச் சுவரில் சாய்த்தான். சித்தியின் பின்னால் போனான். மேலே குசினிக் கதவு சாத்துப்பட்டது. ட்ரில் உறுமத் தொடங்கியது.

பின்னறையிலிருந்து நிரோஷினி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

“என்ன தங்கச்சி சத்தம்?”

“மேல் கதவுக்குப் பூட்டுப் போடினம்.”

“அன்ரியோ? அப்ப நாங்கள் எதாலை போறது?”

“இதாலை அக்கா. நாளைக்கு உங்களுக்கும் ஒரு சாவி வெட்டுவம்.”

நிரோஷினி மெத்தையின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். பேஸ்மென்றுக்கு மறுபடியும் ஒரே வழி. இந்தமுறை அது மற்றப் பக்கம்.

ட்ரில் நின்றது. வான் புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது. தலைக்கு மேலே அம்மாவின் காலடி, குசினியிலிருந்து சாமியறைவரை போனது. அங்கே நின்றது. திரும்பி வரும் என்று சாம்பவி காத்திருந்தாள்.