வளன் வீடு ஆடிய விவரம்

வளன் வேலை பார்த்த தோணி மாலத்தீவுக்குப் புறப்பட்டால், தூத்துக்குடி மாதா கோயிலுக்குத் தெற்கே ஒரு சந்துக்குள் இருந்த அவன் வீடு ஆடத் தொடங்கும். தோணி மாலேயில் நங்கூரம் போட்டு இன்ஜினை அணைத்ததும் வீடும் நின்றுவிடும். சரக்கு இறக்கும் நாட்களில் அது மற்ற வீடுகளைப் போலவே இருக்கும். தோணி திரும்பக் கிளம்பினால் மறுபடி ஆடும். வாசல் பக்கம் எழும்பினால் அடுப்படி தாழும், அடுப்படி எழும்பினால் வாசல் தாழும். ஆட்டம் சிறியதுதான், ஆனால் வேகமானது. அலமாரியில் இருந்த பாத்திரங்கள் ஒன்றையொன்று நெருங்கி, தோணி ஊர் திரும்புவதற்குள் எல்லாம் ஒரே மூலையில் சேர்ந்து நிற்கும்.

இதற்குக் காரணம் வளனுடைய முதுகு. அவன் அந்தத் தோணியின் இன்ஜின் டிரைவர். இன்ஜின் மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின். அதன் உதறல் பலகை வழியாக ஏறி, கால் வழியாக முதுகெலும்பில் போய்த் தங்கியது. கரைக்கு வந்த பிறகும் அவன் உடம்புக்குள் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கையெழுத்துப் போட்டால் கோடு கோடாக வந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, இப்படியே போனால் நடக்க முடியாது, வேறு தொழில் பாரும் என்றார். வளனுக்கு வேறு தொழில் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்து அவன் மனைவியிடம் சொன்னது இவ்வளவுதான்: "இடுப்புக்குக் கீழ இருக்கா இல்லியான்னே தெரிய மாட்டேங்கு, ஜெஸ்லின்."

ஜெஸ்லின் திருநெல்வேலி சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் இயந்திரங்களின் அசைவும் சமநிலையும் பற்றிய பாடம் எடுப்பவள். பழைய துறைமுகத்தில் தோணி கட்டியிருந்தபோது உள்ளே இறங்கி, ஓடுகிற இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒரு பிஸ்டன் மேலே போகும்போது மற்றவை கீழே வருவதால் ஏறும் விசையும் இறங்கும் விசையும் கணக்கில் சரியாகப் போய்விடும். ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். அதனால் இன்ஜினைத் தலையும் வாலுமாகப் பிடித்து உலுக்குகின்றன. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்குக்கு எதிர்த்திசையில் சுற்றும் ஒரு தண்டைப் பொருத்தி, அதன் இரு முனையிலும் எதிரும் புதிருமாக எடை வைத்தால் உலுக்கலுக்கு எதிர் உலுக்கல் கிடைத்துவிடும். தோணியின் முதலாளி தேவபிரசாதம், இன்ஜினைக் கெடுக்காமல் இருந்தால் சரி என்று அனுமதி கொடுத்தார். மாப்பிள்ளையூரணியில் ஒரு லேத் பட்டறையில் தண்டு தயாரானது. அதைப் பொருத்தி இன்ஜினைக் கிளப்பியபோது, அதன் தலைமேல் விளிம்பு வரை நிரப்பி வைத்த தேநீர் சிந்தவில்லை. வளன் சத்தம் வராமல் அழுதான். அதே நேரத்தில் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த திருமணப் படம் கீழே விழுந்தது.

ஜெஸ்லின் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். தப்பு எதுவும் இல்லை. மாநகராட்சியிலிருந்து வந்த பொறியாளர் சுவரில் கை வைத்துப் பார்த்து, எங்கேயாவது மோட்டார் ஓடுகிறதா என்று தேடினார். பிறகு விரிசல் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டில் தையல் கடை வைத்திருந்த செல்வராணிக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். ஆட்டம் அந்தச் சுவரோடு நின்றுகொண்டது. அவளுடைய ஊசி இம்மியும் அசையவில்லை. முதல் பயணம் முடிந்து வந்து, மூலையில் சேர்ந்து நின்ற பாத்திரங்களைப் பார்த்த வளன், தண்டைக் கழற்றிவிடலாம் என்றான்.

"வீட்டுக்கு முதுகெலும்பு கிடையாது," என்றாள் ஜெஸ்லின். "இருந்துட்டுப் போட்டும்."

அப்படியே வருடங்கள் போயின. வளன் நிமிர்ந்து நடந்தான். ஜெஸ்லின் சுவரில் ஒரு கை வைத்துத் தூங்கப் பழகினாள். எதிர்காற்று அடித்தால் வீடு முக்கிக்கொண்டு ஆடும், காற்று தள்ளினால் லேசாக ஆடும். அந்தத் தோணியில் போன மற்றவர்களின் வீட்டார் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் நின்று, சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். செல்வராணி தையல் மிஷினில் இருந்தபடியே எட்டிப் பார்த்துக் கேட்பாள்: "ஏளா, என்ன இன்னைக்கி ஒங்க வீட்டுக்காரரு இவ்வளவு மெதுவாப் போறாரு?"

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் வீடு நின்றது. தோணி மாலேக்குப் போகும் வழியில் நடுக்கடலில் இருந்தது. குமரிக்கடலில் தாழ்வு மண்டலம் என்று துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். சற்று நேரத்தில் வீடு ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. மறுபடி ஒரு குலுக்கல், முன்னதைவிடப் பலவீனமாக. அப்புறம் ஒன்றுமில்லை. ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று ஜெஸ்லினுக்குப் புரிந்தது. இன்ஜின் இல்லாத தோணி புயலில் அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும், பிறகு கவிழும்.

தேவபிரசாதத்தின் வயர்லெஸில் இரைச்சல் மட்டும் வந்தது. கடலோரப் பாதுகாப்பைப் பார்க்கும் ஓர் அலுவலகத்துக்கு ஜெஸ்லினும் அவரும் போனார்கள். இன்ஜின் நின்றது எப்படித் தெரியும் என்று அங்கிருந்தவர் கேட்டார்.

"வீடு ஆடாம நிக்கி சார்," என்றாள் ஜெஸ்லின்.

அவர் அதைக் குறித்துக்கொண்டு, கடல் தணிந்ததும் கப்பல் அனுப்பப்படும் என்றார்.

ஜெஸ்லின் தேவபிரசாதத்தோடு திரும்பி வந்தாள். வீட்டுக்குள் போய், அசையாத தரையில் நின்று, அடுப்படியில் ஒருமுறை குதித்தாள். வாசல் பக்கம் ஒரு மயிரிழை எழும்பியது. நேராகத் தையல் கடைக்குப் போனாள்.

"அக்கா, ஆளுங்களக் கூப்பிடுங்க. இங்கன இருந்து இன்ஜினைச் சுத்தணும்."

செல்வராணி விளக்கம் கேட்கவில்லை. சந்தில் இறங்கிக் கத்தினாள். தோணிக்காரர்கள் வீட்டுப் பெண்கள், ஐஸ் கம்பெனிக்குப் போய் வந்தவர்கள், பரோட்டாக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் என்று வீடு நிறைய வந்தார்கள். பாதிப் பேரை அடுப்படியிலும் பாதிப் பேரை வாசல் அறையிலும் நிறுத்தி, ஜெஸ்லின் நடுவில் நின்றாள். அவள் "முன்னால" என்றால் வாசல்காரர்கள் குதிக்க வேண்டும், "பின்னால" என்றால் அடுப்படிக்காரர்கள். தேவபிரசாதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் குதித்தார்.

வீடு கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது. பிறகு ஓரிடத்தில் முட்டிக்கொண்டது. தரை கருங்கல்லாக இறுகி, குதித்தவர்களின் பாதம் வலித்தது. சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று பிஸ்டனை மேலே விடாமல் எதிர்த்து நிற்கிறது என்று ஜெஸ்லினுக்குத் தெரிந்தது. காற்றை வெளியே விடும் லிவரை வளன் தூக்க வேண்டும். அதற்கு, சுற்றுவது யார் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

"நிறுத்தாதீங்க, குதிங்க," என்று சொல்லிவிட்டு அவள் சுவரில் நெற்றியை வைத்தாள். "நான்தாங்க. லிவரைத் தூக்குங்க. நான்தான்."

அங்கே முழங்கால் தண்ணீரில் நின்ற வளன், இன்ஜினின் ஃப்ளைவீல் சக்கரம் தானாக முன்னும் பின்னும் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் அலை என்று நினைத்தான். அலைக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம், தலையும் வாலுமாக வந்தது. அவன் கை லிவருக்குப் போனது.

வீடு திடீரென்று லேசானது.

"தூக்கிட்டாரு," என்றாள் ஜெஸ்லின். அவள் நெற்றியைச் சுவரை விட்டு எடுக்கவில்லை. முன்னால, பின்னால என்று சொல்வதைச் செல்வராணி எடுத்துக்கொண்டாள். வேகம் கூடியது, குதித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. அங்கே வளன் லிவரை விட்டான். வீடு ஒரே உதையாக உதைத்து எல்லோரையும் கீழே தள்ளிவிட்டுத் தானாக ஆடத் தொடங்கியது. விழுந்தவர்கள் சற்று நேரம் எழுந்திருக்கவில்லை. தேவபிரசாதம் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்து சிரித்தார். ஜெஸ்லின் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். செல்வராணி சுவரில் காதை வைத்துக் கேட்டாள். "நல்லா ஓடுது. அழாத ஏளா, நல்லா ஓடுது."

தோணி கொழும்புக்குள் ஒதுங்கி, புயல் கடந்தபின் எல்லோரோடும் ஊர் வந்து சேர்ந்தது. வளன் சந்துக்குள் நுழைந்ததும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு கூடியிருந்தவர்களைப் பார்த்து, "அடுப்படிப் பக்கம் ஒரு ஆளு மட்டும் ஒவ்வொரு தடவையும் பிந்திக் குதிச்சது. யாரு அது?" என்று கேட்டான்.

"நாந்தாம்லே," என்றார் தேவபிரசாதம். "மூட்டு வலி."

அதன்பின் தோணி இங்கிருந்தும் மாலேயிலிருந்தும் புறப்படும் நாளில் சந்துக்காரர்கள் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வளன் வீட்டுக்கு வருவார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அவரவர் இடத்தில் நின்று குதித்து, இன்ஜின் பிடித்துக்கொண்டதும் வேலைக்குப் போவார்கள். புது ஸ்டார்ட்டர் வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.