கல்லைப் பற்றி அமைச்சர் ஆற்றிய உரை

சைகை மொழிபெயர்ப்பாளர் விடுப்புக் கேட்டதும் நலத்துறை இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா, விளையாடுறீங்களா? மாற்றுத்திறனாளிகளை அரவணைச்சதுல நாமதான் முன்மாதிரின்னு உலகமே விருது கொடுக்குது. நாளைக்கு விழா, நேரடி ஒளிபரப்பு வேற. மூலையில ரெண்டு கை அசையலைன்னா மானம் போயிடும்."

"நாளைக்கு அக்காவுக்கு பித்தப்பைக் கல் ஆபரேஷன் சார். அவளுக்குக் காது கேக்காது, படிக்கவும் தெரியாது. கூடவே இருப்பேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். வேற யாரையாவது அனுப்புங்களேன்."

"வேற யார் இருக்கா?"

நியாயமான கேள்விதான். 'பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் படை' என்று விருதுக் குறிப்பில் பளபளவென்று அச்சடித்திருந்தார்கள். அந்தப் படையின் தளபதி, சிப்பாய், குதிரை எல்லாம் இவள் ஒருத்திதான்.

மறுநாள் அரங்க வாசலில் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் முறை வரும்போது ஆஸ்பத்திரியிலிருந்து கணவன் போனில் கூப்பிட்டான்.

"உங்கக்கா தள்ளுவண்டியைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடிச்சவதான், விடவே மாட்டேங்குறா. நர்ஸம்மா வயித்தை வெட்டுற மாதிரி நடிச்சுக் காட்டினாங்க. இருந்த தைரியமும் போச்சு. இன்னைக்கு விட்டா டாக்டர் வெளியூர் போயிடுவாராம்."

அப்பாவையும் அப்படி ஒரு தள்ளுவண்டியில்தான் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

"வார்டுல டிவி இருக்குல்ல? போட்டு அவளைப் பார்க்கச் சொல்லுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் காவலர் கைபேசியை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டார்.

விருதை நெஞ்சோடு அணைத்தபடி அமைச்சர் ஒலிபெருக்கி முன் வந்தார். மூலையில் இவள் கைகளைத் தூக்கினாள்.

"இது வரலாற்றின் புதிய விடியல்!" என்றார் அமைச்சர்.

'அக்கா, நான்தான். இங்க பாரு' என்றன கைகள்.

"எவரையும் பின்தங்க விடாத அரசு இது!"

'சின்னக் கல்லு. சின்னதா ஓட்டை போட்டு எடுத்துருவாங்க. அப்பாவுக்கு வந்தது வேற நோய்.'

"இங்கே ஒவ்வொரு குரலும் கேட்கப்படுகிறது!"

'தூங்க மருந்து கொடுப்பாங்க. முழிக்கும்போது பக்கத்துல இருப்பேன். கம்பியை விடு. தோட்டைக் கழட்டி என் வீட்டுக்காரர்கிட்ட குடு.'

அரங்கம் அதிரக் கைதட்டியது. காது கேளாதவர்களை அழைக்க இடம் போதவில்லையாம்; அழைக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் சைகை தெரியாது. அமைச்சர் மேலும் அரை மணி நேரம் பேசினார். இவளும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்கா பார்க்கிறாளா, போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாளா, யாருக்குத் தெரியும்? முடிவில் அமைச்சர் குரல் தழுதழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு உங்க கையில என்ன உணர்ச்சிம்மா!" என்று இயக்குநர் வழிமறித்தார். "அவர் பேச்சோட ஆழத்தை அப்படியே கொண்டுவந்துட்டீங்க."

இவள் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்க் கைபேசியை வாங்கினாள். கணவன் செய்தி அனுப்பியிருந்தான்: 'தோட்டைக் கழட்டி என் கையில குடுத்துட்டு, தானே வண்டியில ஏறிப் படுத்துக்கிட்டா.' அதன் கீழே காது கேளாதோர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வரிசையாக ஒரே விசாரிப்பு: 'அக்காவுக்குக் கல் எடுத்தாச்சா?'

சாயங்காலம் அக்கா கண் விழித்தபோது தங்கை பக்கத்தில் இருந்தாள். அக்காவின் கைகள் மெல்ல அசைந்தன.

'அந்தக் கோட்டுக்காரர் அவ்வளவு நேரமும் என் கல்லைப் பத்தியா பேசினாரு?'

'ஆமா.'

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

'நல்ல மனுஷன். கடைசியில கண்கூடக் கலங்கிட்டாரே, பாவம்.'