கால் ஊன்றாதவர்

"அதைக் கழட்டாதே" என்று அவள் சொன்னபோது மகளின் விரல்கள் அப்பாவின் வலது கணுக்காலில் இருந்தன. பேன்ட் சைக்கிள் சங்கிலியில் மாட்டாமலிருக்க அவர் போட்டுக்கொள்ளும் இரும்புக் கிளிப் அது. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கத்தரித்திருந்தார்கள். கடிகாரத்தையும் கண்ணாடியையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இந்தக் கிளிப் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

"பேன்ட் மாத்தணுமேம்மா."

"மாத்து. மாத்திட்டு அதைத் திரும்பப் போட்டு விடு."

"போற இடத்துல இது எதுக்கும்மா?"

"இருபத்திரண்டு வருஷமா சாயங்காலம் இது இல்லாம வாசல் தாண்டினதில்ல. இன்னிக்கு மட்டும் ஏன் புதுசா?"

மகள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். எதிர்த்துப் பேசத் தெரிந்தவள்தான், ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு பேன்ட்டை மாற்றி, கிளிப்பைத் திரும்பப் போட்டு விட்டாள்.

முன்னறையில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். அவள் கணவர் பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் பின்னறையில் உட்கார்ந்து பல்லைச் செய்து அனுப்புவார். வந்து நின்றவர்களில் பாதிப் பேர் வாயில் இருந்தது அவர் கைவேலை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அழுகிற வாயிலும் ஒரு பல் ஆடவில்லை. அதைக் கவனிக்கிற நேரமா இது என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

மகன் வாசலில் நின்று வண்டிக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். எது எந்த நிமிடம் வரவேண்டுமோ அது வந்தாக வேண்டும் அவனுக்கு. போனை வைத்த கையோடு அப்பா தினமும் சைக்கிளில் சுற்றும் ஏரியின் காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தான். காவலாளி சீருடையோடு வந்திருந்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நேத்து மத்தியானம்தான் மேட்டுல புது செம்மண் கொட்டி நிரவினோம் தம்பி. பத்தாததுக்கு மழைத் தூறல் வேற. ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, சைக்கிள் எல்லாம் ரோட்டு வழியா சுத்திப் போகணும்னு எழுதியும் வச்சேன். இவர் கயித்தத் தூக்கிட்டு உள்ள போயிட்டார். அந்த ஈர மண்ணுல யாரு ஏற முடியும்? தள்ளிக்கிட்டுத்தான் வந்திருப்பார், பாவம்."

"ஆமாங்க. பாவம்" என்றான் மகன்.

அவள் உள்ளே இருந்தபடியே சொன்னாள்: "தள்ளல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகன் அருகில் வந்து தோளைத் தொட்டான். "சரிம்மா, சரி" என்றான். குழந்தையிடம் சொல்வது போன்ற அந்தச் சரிதான் அவளுக்குச் சுருக்கென்றது.

ஊருக்கு வெளியே, வயல்களைத் தாண்டி இருந்தது அந்த ஏரி. சுற்றளவு எட்டு கிலோமீட்டர். வாடகைப் படகு, வாடகை சைக்கிள், பெஞ்சுகள், கிலோமீட்டருக்கு ஒரு கல் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒரு விதியும் உண்டு. நடப்பவர்கள் ஒரு திசையில் போக வேண்டும், சைக்கிள்காரர்கள் அதற்கு எதிர்த்திசையில் வர வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிந்தால் இடித்துக்கொள்ள மாட்டார்கள் என்று எவரோ புத்திசாலி போட்ட விதி.

இந்தத் தம்பதி அந்த விதியைத் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டார்கள். வாசல் கேட்டில் ஒன்றாகக் கிளம்புவார்கள். அவள் நடந்து ஒரு பக்கம், அவர் சைக்கிளில் மறு பக்கம். அவர் ஏரியின் பெரும்பகுதியைச் சுற்றி எதிரே வந்து சேரும்போது அவள் இரண்டாவது கல்லில் இருப்பாள். அங்கே அவர் இறங்கிவிடுவார். இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசிக்கொண்டே கேட்டுக்குத் திரும்புவார்கள். விதிப்படி அப்படித் திரும்பக் கூடாது. காவலாளி முதல் வருஷம் முழுக்க விசில் ஊதிப் பார்த்து, பிறகு விசிலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்.

ஆகவே இரண்டாவது கல்லைத் தாண்டி ஏரி எப்படி இருக்கும் என்பது வெகுகாலம் அவளுக்குத் தெரியாது. எல்லாம் அவர் சொல்லக் கேட்டதுதான். அவர் அதிகம் சொன்னது மேட்டைப் பற்றி. ஏரியின் அந்தக் கோடியில் ஒரு மதகு, மதகைத் தாண்டியதும் இருநூறு அடிக்குச் செங்குத்தாக ஒரு ஏற்றம், உச்சியில் நான்காவது கல், பக்கத்தில் ஒரு பெஞ்சு. கியர் வைத்த சைக்கிளில் வரும் இளவட்டங்களே அங்கே இறங்கித் தள்ளுவார்களாம். இவர் கியர் இல்லாத பழைய சைக்கிளில், ஒரு தடவைகூடக் கால் ஊன்றாமல் ஏறுவாராம். ஏரியில் அவருக்கு மேட்டுக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டில் பிள்ளைகளுக்கு அது கேலிப்பொருள். சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் அப்பா பேச்சை மேட்டில்தான் கொண்டுபோய் நிறுத்துவார் என்பார்கள்.

போன வருஷம் ஒரு நாள் அவள் இரண்டாவது கல்லில் நின்று காத்திருந்தாள். அவர் வரவில்லை. கொஞ்சம் நடந்தாள். வழியில் வந்து சேர்ந்தார். "டயர்ல காத்துக் குறைச்சல்" என்றார். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் தள்ளி. "பல்லு கடிக்கலைன்னு ஒருத்தர் நிறுத்திட்டார்" என்றார். மழைக்காலம் முடிவதற்குள் மூன்றாவது கல்லுக்கு வந்துவிட்டார்கள். அவள் அதுவரை பார்த்திராத புளியமரம் ஒன்றைப் பார்த்தாள், உடைந்த படகு ஒன்றைப் பார்த்தாள். ஏரி அவளுக்குத் தெரியத் தெரிய அவருக்கு என்ன ஆகிறது என்பதும் தெரிந்துவிட்டது. பிள்ளைகளிடம் இவளும் சொல்லவில்லை, அவரும் மூச்சு விடவில்லை.

நேற்று அவள் மூன்றாவது கல்லையும் தாண்டி நடந்தாள். நான்காவது கல்லுக்கு வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் பக்கத்தில் சாய்ந்திருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. ஆனால் கண்ணில், புதுப் பல்செட்டைப் பொருத்திப் பார்த்து அது சரியாக உட்கார்ந்துவிட்ட நாளில் வருமே, அந்தக் களை.

"வந்துட்டியா" என்றார். "ஏறிட்டேன். கால் ஊனல."

அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை.

வண்டி வரப் பத்து நிமிடம் இருக்கும்போது மகன் அவளைப் பின்னறைக்கு அழைத்துப் போனான். மகளும் வந்தாள். அலமாரியில் வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"டாக்டர் சொன்னார்மா" என்றான் மகன். "அப்பா இதயம் கால்வாசிதான் வேலை செஞ்சிருக்கு. ஒரு வருஷமாவே அப்படி இருந்திருக்கும்னார். உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

"தெரியும்."

மகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியுமா? தெரிஞ்சும் எங்ககிட்ட ஏம்மா சொல்லல?" என்றாள்.

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"டாக்டர்கிட்ட காட்டியிருப்போம்!"

"நான் கூப்பிடலைன்னு நினைச்சியா? மூணு தடவ கூப்பிட்டேன். மூணாவது தடவ, 'நான் மேடு ஏற முடியாத அன்னிக்கு நானே வர்றேன், அது வரைக்கும் பிள்ளைங்க காதுல போடாத'ன்னார். உங்ககிட்ட சொன்னா நீங்க முதல்ல சைக்கிளப் பூட்டியிருப்பீங்க."

"பூட்டித்தான் இருப்போம்" என்றான் மகன். "பூட்டியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பார். ஏறுறேன் ஏறுறேன்னு உன்னையும் ஏமாத்தி, தன்னையும் ஏமாத்திக்கிட்டார். எப்பவோ தள்ள ஆரம்பிச்சிருப்பார்மா. உன்கிட்ட சொல்ல வெட்கம்."

டயரில் காற்றுக் குறைச்சல் என்று சொன்னவர்தானே? மேட்டைப் பற்றியும் அப்படிச் சொல்லியிருந்தால்? அவன் சொன்னதில் அவளைக் குத்தியது அந்தக் குற்றச்சாட்டு அல்ல. அதைச் சுமக்க அவள் தயாராகத்தான் இருந்தாள். ஊர் அவரைப் பாவம் என்று அனுப்பிவைக்கப் போகிறதே, அதுதான் பொறுக்கவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மணி இரண்டு. அவள் முகம் கழுவிவிட்டு நேராகச் செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா?"

"ஏரிக்கு. நாளைக் காலைல அந்த மண்ணு மேல ரோலர் விடறாங்களாம். அதுக்குள்ள பார்க்கணும்."

"என்னத்த பார்க்கணும்?"

"புது மண்ணு. கயிறு கட்டியிருக்கு. வேற யாரும் போகல. அவர் தள்ளினாரா ஏறினாரான்னு மண்ணு சொல்லும்."

"ஒருவேளை தள்ளியிருந்தா?" என்றான் மகன்.

"தள்ளியிருந்தா தள்ளியிருக்கார். நீ சொன்னது சரின்னு ஒத்துக்கறேன்."

அவன் சாவியை எடுத்தான். "பைக்ல கொண்டு விடறேன்" என்றான்.

"நடந்துதான் போவேன்."

நடந்தார்கள். முதல் கல், இரண்டாவது கல். படகில் யாரோ சிரித்துக்கொண்டே துடுப்புப் போட்டார்கள். எதிரே வந்த சைக்கிள்காரர்களில் இரண்டு பேர் அவளை அடையாளம் கண்டு இறங்கி நின்றார்கள். மூன்றாவது கல்லுக்கு மேல் மகனுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு வாங்கவில்லை.

நான்காவது கல்லில் காவலாளி இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். "நான் எதுவும் மிதிக்கலம்மா. ஆம்புலன்ஸ்கூட ரோட்டுப் பக்கமாத்தான் வந்துச்சு. நீங்க ஓரமா புல்லு மேல இறங்கிப் பாருங்க." மகனுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. அவன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பேசினான். அவள் கயிற்றைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

நேற்று பெஞ்சைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் படவில்லை. மேட்டை இப்போதுதான் முதல் தடவையாக நேரில் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார் என்றுதான் அவளும் உள்ளுக்குள் நினைத்திருந்தாள். மிகைப்படுத்தவில்லை, குறைத்துத்தான் சொல்லியிருந்தார். இறங்குவதற்கே புல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

செம்மண்ணில் ஒரே ஒரு சைக்கிளின் தடம். அவள் கடைசி வரை இறங்கி, மதகிலிருந்து ஆரம்பித்தாள். அங்கே கயிற்றைத் தூக்க அவர் இறங்கிய இடத்தில் ஷூ தடங்கள் கசகசவென்று இருந்தன. அதற்கு மேல் டயர் மட்டும். தள்ளிக்கொண்டு போனால் டயர் நேராகப் போகும், பக்கத்தில் கால் தடம் கூடவே வரும். இது அப்படி இல்லை. முன்சக்கரம் இடமும் வலமும் வளைந்து வளைந்து, முதல் நாள் தையல் பழகுகிறவள் போட்ட கோடு மாதிரி மேலே ஏறியது. அவள் திரைச்சீலைக் கடையில் முப்பது வருஷம் தைத்தவள். அவ்வளவு கோணலான கோட்டை அவள் பார்த்ததில்லை. அவ்வளவு அழகான கோட்டையும் பார்த்ததில்லை. பாதி உயரத்துக்கு வரும்போது அவளுக்கே சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. கால்வாசி இதயத்தை வைத்துக்கொண்டு, ஈர மண்ணில், அறுபத்தொன்பது வயதில்!

முக்கால் உயரத்தில் கோடு நின்றது.

டயர் ஒரே இடத்தில் அமுங்கிக் குழிந்திருந்தது. இடப் பக்கம் ஒரு தடம். முழுப் பாதம்கூட இல்லை, கான்வாஸ் ஷூவின் முன்பாதி மட்டும். அடியில் இருக்கும் அலை அலையான கோடுகள் தெளிவாகப் பதிந்திருந்தன. ஞாயிறுதோறும் அவள் தேய்த்துக் கழுவும் கோடுகள். அதற்கு மேலே டயர் தடம் முன்பைவிட ஆழமாகத் தொடங்கி, வளைந்து வளைந்து, பெஞ்சுவரை போயிருந்தது.

மேலே மகனின் குரல் கேட்டது. போனை வைத்துவிட்டான். புல் சரசரக்க இறங்கி வந்துகொண்டிருந்தான்.

அவள் வலது காலைத் தூக்கிச் செம்மண்ணில் வைத்தாள். செருப்பின் நுனியால் இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள்.

மகன் வந்து அவளைத் தாண்டிக் கீழே மதகுவரை போனான். பழுது பார்க்கிறவனின் கண்ணோடு அடி அடியாகத் தடத்தைப் பார்த்துக்கொண்டே திரும்ப ஏறினான். அவன் முகம் மாறிக்கொண்டே வந்ததை அவள் பார்த்தாள். அவளருகில் வந்ததும் நின்றான்.

"இங்க என்னம்மா கலைஞ்சிருக்கு?"

"கால் சறுக்கிடுச்சு."

அவன் கலைந்த மண்ணைப் பார்த்தான். அதற்கு மேலே ஆழமாகத் தொடங்கிய டயர் தடத்தைப் பார்த்தான். அம்மாவின் செருப்பைப் பார்த்தான். லிஃப்டில் ஒரு போல்ட் அரை நூல் விலகியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவன். கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

மேலே கயிற்றைப் பிடித்தபடி காவலாளி எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, தள்ளித்தான் வந்திருக்காரா?"

"இல்லைங்க" என்றான் மகன். ஏரியின் மறு கரைக்கே கேட்கும் குரலில் சொன்னான். "ஏறியிருக்கார். ஒரு தடவகூடக் கால் ஊனல."

அவள் புல்லின் பக்கம் திரும்பி, செருப்பின் நுனியில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் துடைத்தாள்.