மெஸ்கித்தால் கோயில் அக்காவைப் பார்க்கப் போனது

1958ஆம் ஆண்டு ஏப்ரல் பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பால் கறந்து முடிக்கும் நேரத்தில், மெஸ்கித்தால் என்ற பாலைவன ஊரின் தேவாலயம் எழுந்து வடக்கே போய்விட்டது. மணி, பலிபீடம், பெஞ்சுகள், படுத்த கோலத்தில் இருக்கும் மரச் சவேரியார் என்று எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோயிற்று. விட்டுப்போனது ஒரு துடைப்பத்தையும், வாசலில் தூங்கிக்கொண்டிருந்த மஞ்சள் நாயையும், எழுபத்தோரு வருடமாக வெயில் காணாத ஒரு நீள்சதுர மண்ணையும்தான். எழுபத்தோரு வருடம் என்று கணக்காகச் சொல்ல முடிவது, 1887 வெள்ளத்தின்போது இதே கோயில் ஆற்றங்கரையிலிருந்து நாற்பது அடி மேலேறி நின்றுகொண்டதால். அன்று அது நகர்ந்தது பயத்தில். இப்போது வெள்ளமும் இல்லை, ஆற்றில் தண்ணீரும் இல்லை. எதற்குப் போயிற்று என்று ஊரார் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.

பதில் சொன்னவள் குக்கா அத்தை. மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுடைய அண்ணன் மகள் லிபிராடாவுக்கு அந்தக் கோயிலில் கல்யாணம். அதற்காகப் பெண்கள் சுண்ணாம்பையும் மணலையும், சப்பாத்திக்கள்ளியை மூன்று நாள் ஊறவைத்த வழவழப்பான நீரில் குழைத்து, மண்சுவர் முழுக்கப் பூசியிருந்தார்கள். நாற்பது வருடத்துக்குப் பிறகு கோயில் கண்கூசும் வெள்ளையாக நின்றது. "புதுத்துணி உடுத்துனவ வீட்டுக்குள்ளேயே உக்காந்திருப்பாளா? அக்காமார்கிட்ட காட்டத்தான் போயிருக்கா" என்றாள் அத்தை. வடக்கே பாலைவனத்தில் இன்னும் மூன்று கோயில்கள் இருந்தன. நான்கையும் ஒரே ஸ்பானியப் பாதிரியார்தான், அந்தப் பாலைவனத்துப் பூர்வகுடிகளான ஓதாம் மக்கள் மண் சுமக்க, ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினார். மெஸ்கித்தால் கோயில் கடைக்குட்டி.

லிபிராடாவுக்கு முப்பத்தெட்டு வயது. மாடு வளர்க்கும் நபோர் செலாயாவுக்கு நிச்சயமாகிப் பதினோரு வருடம். ஒரு வருடம் அவன் அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒரு வருடம் குதிரை குட்டி போட இருந்தது, ஒரு வருடம் கிணறு வற்றிவிட்டது. அந்தப் பக்கத்தில் மணமக்கள் கல்யாணத்துக்கு முன் சவேரியாரின் கழுத்தடியில் கைகொடுத்துத் தலையைத் தூக்கி நெற்றியில் முத்தமிட வேண்டும். மனதில் பொய் வைத்திருப்பவன் தூக்கினால் சிலை அசையாது. நபோர் பதினோரு திருவிழாவிலும், மற்றவர்கள் சிலையைத் தூக்க உள்ளே போகையில், வெளியே நின்று அவர்களின் குதிரைகளைப் பிடித்துக்கொண்டிருந்தான். லிபிராடாவோ அந்தப் பீடத்தில் தவிர வேறெங்கும் கல்யாணம் கிடையாது என்று சவேரியாரிடமே சத்தியம் செய்திருந்தாள். இந்த முறை நழுவினால் இனி ஒருபோதும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். காலி இடத்தைப் பார்த்த நபோரின் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி ஓடியதும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.

"கோயில் எங்க இருக்கோ அங்க கல்யாணம். வண்டிய எடுங்க" என்றாள்.

இரண்டு லாரிகள் கிளம்பின. ஒன்றில் அன்செல்மோ பாதிரியாரும் மணமக்களும் அத்தையும் அக்கார்டியன்காரரும். இன்னொன்றில் உலர்த்திய மாட்டிறைச்சி, அவரைக் குண்டான், காகிதம்போல் மெல்லிய பெரிய கோதுமை ரொட்டிகள், மிச்ச ஊரார். வழி கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. கோயிலின் அகலத்துக்குப் பாலைவனம் பெருக்கிவிட்டதுபோல் கிடந்தது. இருநூறு வருடமாக ஒரே இடத்தில் நின்ற ராட்சதக் கள்ளிகள் நாலு அடி ஒதுங்கி வழிவிட்டிருந்தன. ஒரு முள்கூட முறியவில்லை.

சாந்தா கெர்த்ரூதிஸ் ஊரில், கோயில் பதினொரு மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இரண்டு கோயில்களின் மணிகளும் அந்த நாலு மணி நேரமும் மூச்சுவிடாமல் பேசியிருக்கின்றன. "அக்காளும் தங்கச்சியும் பேசுன பேச்சுல ஊர்ல ஒரு கோழிகூட முட்டை போடல சாமி" என்று ஒருத்தி பாதிரியாரிடம் முறையிட்டாள். அதைவிட மோசம், தங்கையின் வெள்ளையைப் பார்த்ததிலிருந்து அந்த ஊர்க் கோயில் தன் கதவைத் திறக்க மறுக்கிறது. லிபிராடாவுக்கு நின்று பேச நேரமில்லை. ஆனாலும் ஒரு கோயில் முகம் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை. சுண்ணாம்பு எவ்வளவு, கள்ளி எவ்வளவு என்று சொல்லிக்கொடுத்து, லாரியில் மிச்சம் கிடந்த கள்ளிநீரில் முதல் கலவையைத் தானே குழைத்தும் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறினாள். அதில் அன்றைய பொழுது போயிற்று.

சனிக்கிழமை பத்து மணி லாரியிலேயே கடந்தது. பாதிரியார் சட்டைக் கையை இழுத்துக் கைக்கடிகாரத்தை மறைத்தார், அவள் பார்த்துவிட்டாள். அடுத்த ஊரான சான் பந்தலேயோனில் முந்தின நாள் மாலை ஒரு பேருந்து நிறைய அமெரிக்கர்கள் வந்து, தோளோடு தோள் நின்ற இரண்டு கோயில்களையும் படம் எடுத்து, வெகு அழகு என்று பாராட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டுமே அந்த ஊருடையவை என்று அவர்கள் நினைத்துக்கொண்டதை யாரும் திருத்தவில்லை. விடிவதற்குள் தங்கை மறுபடி கிளம்பிவிட்டது. அங்கே கிணற்றடியில் நபோர் தொப்பியைக் கையில் சுழற்றியபடி லிபிராடாவிடம் வந்தான்.

"பாரு, சாமியே தள்ளிப்போடுது. நாம என்ன பண்றது? அக்டோபர்ல வச்சுக்கலாம்."

"எந்த வருஷத்து அக்டோபர்?"

"ஏம்ப்பா நபோர்," என்றாள் குக்கா அத்தை லாரி மேலிருந்து, "மண்ணுல கட்டுன கோயிலே ரெண்டு நாள்ல இவ்வளவு தூரம் நடந்திருக்கு. நீ பதினோரு வருஷமா பத்து அடி நடக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். லிபிராடாவும் சிரித்தாள். ஆனால் லாரிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூத்த அக்காவான லா சொலேதாத் யாரும் வசிக்காத இடத்தில் இருந்தது. கூரை இல்லை, மணி இல்லை. ஒரு சுவரும், அதன்மேல் பிளந்த ஒரு வளைவும் மட்டும் மிச்சம். ஞாயிறு முற்பகல் லாரிகள் மேட்டைத் தாண்டியபோது மெஸ்கித்தால் கோயில் அங்கே நின்றது. அந்த வளைவு விழாமல் தன் தோளைக் கீழே கொடுத்து நின்றது. புதுச் சுண்ணாம்பு அந்தப் பக்கம் முழுக்க உரிந்து, பழைய சுவரில் வெள்ளையாக அப்பியிருந்தது. வழி நெடுகக் கோயிலைத் திட்டிக்கொண்டே வந்த லிபிராடாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அலங்காரத்தைக் காட்டப் போனவள், அக்காவின் நிலையைப் பார்த்ததும் அலங்காரத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்தாள். கதவு திறந்தே இருந்தது.

பாதிரியார் உடுப்பு மாட்டினார். லிபிராடா சவேரியாரின் கழுத்தடியில் கைகொடுத்தாள். தலை தலையணைபோல் லேசாக எழுந்தது. அவள் முத்தமிட்டு விலகினாள். பிறகு நபோர் கைகொடுத்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்தான். கன்றுக்குட்டியைத் தோளில் போட்டு ஆறு தாண்டியவன், கழுத்து நரம்பு புடைக்க இழுத்தும் மரச் சிலை பாறையாகக் கிடந்தது.

"அம்மாவுக்கு முழங்கால் வலியே இல்ல" என்றான் நபோர் சிலையைப் பார்த்தபடி. "கிணறும் வத்தல."

"ஊருக்கே தெரியும்டா" என்றாள் அத்தை.

"பயம், லிபிராடா. எங்க அப்பன் வீட்டுக்கு வந்த எல்லாரும் ஒருநாள் போயிட்டாங்க. நீ வந்துட்டு போயிட்டா நான் என்ன ஆவேன்? வராமலே இருந்தா போகவும் மாட்டல்ல?"

பதினோரு வருடத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அது. லிபிராடாவுக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை.

"மடையா," என்றாள், "காத்துக்கிட்டிருந்த பதினோரு வருஷமே போகாதவ, வந்தப்புறமா போவேன்?"

நபோர் மறுபடி கைகொடுக்கக் குனிந்தான். அதற்கு வேலை இருக்கவில்லை. சவேரியார் தாமாகவே எழுந்து உட்கார்ந்து நெற்றியைக் காட்டினார். பூசை முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பீடத்தின் இடப்பக்கம் இருந்தவர்களுக்கு அவர் மறைத்ததால் மோதிரம் மாற்றியது தெரியவில்லை என்று ஒரு சிறு குறை உண்டு.

சாப்பாடு முடிந்ததும் கிளம்பலாம் என்றார்கள். கோயில் அசையவில்லை. நபோர்தான் காரணத்தைப் புரிந்துகொண்டான். கல்யாணச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஆண்களைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரையில் விழுந்து கிடந்த மெஸ்கீத் மரங்களை இழுத்துவந்து, பிளந்த வளைவுக்கு ஆறு இடத்தில் முட்டுக் கொடுத்தான். கடைசி முட்டு இறுகியதும் கோயில் மெல்லத் தோளை எடுத்துக்கொண்டது. வளைவு நின்றது.

ஊரார் கோயிலுக்குள்ளேயே ஏறிக்கொண்டார்கள். லாரிகள் காலியாகப் பின்னால் வந்தன. அக்கார்டியன் வாசித்ததால் கோயில் ஆடுபவர்களின் கால் பிசகாத வேகத்தில் நடந்தது. லிபிராடாவும் நபோரும் வாசற்படியில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, எதிரே பாலைவனம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். திங்கட்கிழமை காலை கோயில் தன் இடத்தில் இறங்கி உட்கார்ந்தது. ஊரில் தங்கிவிட்ட கிழவர்கள் வந்து, கல்யாணச் சாப்பாடு மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

பதிவேட்டில் கல்யாணம் நடந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அன்செல்மோ பாதிரியார் பேனாவை நிறுத்தி யோசித்தார்.

"அதுல என்ன யோசனை சாமி? எங்க கோயில்லதானே நடந்துச்சு?" என்றாள் லிபிராடா.

அவர் அப்படியே எழுதினார். அது உண்மையும்கூட. பக்கத்தில் கையெழுத்துப் போட நபோர் ஏற்கெனவே குனிந்திருந்தான், மை காய அவன் காத்திருக்கவில்லை.