அச்சுக்கு வைத்த பொட்டு

செண்பகவல்லியின் இடது தோளுக்குக் கீழே ஒரு துவாரம் இருந்தது. முன்னால் நின்று பார்த்தால் பின்னால் இருக்கிற சுவர் தெரியும். குண்டு பட்டது என்னவோ அவளுடைய பாட்டனாரின் அப்பாவுக்குத்தான். அவர் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். துவாரம் போகவில்லை. நிலபுலன் வருகிற மாதிரி அது வீட்டுக்கு மூத்த பிள்ளைக்குத் தானாக வந்துகொண்டிருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இவர்கள் வீட்டில் யாரும் தலைப்பாகை கட்டுவதில்லை.

அவளுக்கு ஒரே மகள், நித்திலா. ஆறு வயது. துவாரம் இன்னும் விழவில்லை. சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பள்ளம் மட்டும் விழுந்திருந்தது. குளிப்பாட்டினால் அதில் தண்ணீர் தேங்கும். செண்பகவல்லி துண்டு முனையைத் திரித்து அதை ஒற்றி எடுப்பாள்.

ஊர் அருங்காட்சியகத்தில் பழம்பொருட்களைப் பேணுகிற வேலை அவளுக்கு. அந்தக் குண்டை வார்த்த அச்சு கடைசியில் அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது. யாரை நொந்து என்ன? பார்வைக்குப் பாக்குவெட்டி மாதிரி இருந்தது. இரண்டு கைப்பிடி, ஒரு கீல். மூடினால் நடுவில் உருண்டையாக ஒரு குழி, மேலே ஈயம் ஊற்ற ஒரு வாய். உள்ளே துரு ஏறி ஏறிக் குழி சிறுத்துப் போயிருந்தது.

துருவும் வரலாறுதான் என்று மேடை போட்டுப் பேசியவள் அவள். பழைய சாமான்களைத் துலக்கி மினுக்குகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அச்சையும் தொடாமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டாள். கதை அதோடு முடிந்திருக்கும்.

முடிய விட்டாரா அலுவலக உதவியாளர் சுடலைமுத்து? ஆயுதபூஜைக்கு ஜீப்புக்கும் தட்டச்சுப் பொறிக்கும் ஏணிக்கும் துடைப்பத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், கையோடு கையாக அச்சுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். மூன்றாம் அறையில் மாட்டியிருந்த நாட்டுத் துப்பாக்கிக்கும் வைத்தார். அதுவரை அவை காட்சிப்பொருட்கள். பொட்டு வைத்ததும் கருவிகள். பூஜையில் வைத்த கருவி விஜயதசமியன்று ஒருதடவையாவது வேலை செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் குத்தம். அந்த அலுவலகத்தில் இதைப் பற்றி இரண்டாவது கருத்து கிடையாது.

விஜயதசமி காலையில் சுடலைமுத்து ஜீப்பை ஒரு சுற்று ஓட்டினார். தட்டச்சில் ஒரு வரி அடித்தார். ஏணியில் ஏறி, ஒரு காரியமும் இல்லாமல் இறங்கினார். அச்சும் துப்பாக்கியும்தான் பாக்கி.

துப்பாக்கியைக் காப்பாட்சியர் திரவியராஜ் எடுத்துக்கொண்டார். அன்றைக்குச் சுட்டவரின் கொள்ளுப்பேரன் அவர். அந்த வம்சத்தில் ஆட்காட்டி விரல் மடங்கியபடியே பிறக்கும். மற்றபடி தங்கமான மனிதர். நித்திலாவின் பிறந்தநாளுக்குத் தவறாமல் கேக் வாங்கி வருவார். குண்டு யார் மேல் போகும் என்று செண்பகவல்லி அவரிடம் கேட்டாள்.

"எங்க அளவு சரியா இருக்கோ அங்க போகும்மா. எங்க வீட்டுல யாரும் குறி பாத்தது இல்ல," என்றார். சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்க் காத்து நின்றார்.

அவள் களிமண்ணைக் குழிக்குள் வைத்து அழுத்தி எடுத்துப் பார்த்தாள். சுண்டைக்காய் அளவு.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். துருவைத் தொடாமல் விட்டால் குண்டு மகளுக்கு. துருவை எடுத்தால் குழி பழைய அளவுக்கு வந்துவிடும், குண்டு அவளுக்கு.

அச்சைப் பார்வையிடச் சென்னையிலிருந்து நிபுணர் ஒருவர் வந்திருந்தார். காலையிலேயே தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நடக்கத் தொடங்கியவர் இன்னும் வந்து சேரவில்லை. விடுமுறை நாட்களில் அந்தத் தாழ்வாரம் கொஞ்சம் நீளும். ஆள் எறும்பளவுதான் தெரிந்தார், குரல் மட்டும் பக்கத்தில் கேட்டது. அச்சைத் தொடக்கூடாது, உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்றார். உள்ளபடி விட்டால் என் பிள்ளை போய்விடும் என்றாள் இவள்.

"அது தனி விஷயம். துருவும் வரலாறுன்னு நீங்கதானே மேடம் பேசுனீங்க?"

"பேசுனேன்," என்று சொல்லிவிட்டு அவள் மண்ணெண்ணெயையும் பித்தளைத் தூரிகையையும் எடுத்தாள்.

தேய்த்தாள். துரு உதிர உதிர அவளுடைய அப்பா இருமுகிற சத்தம் கேட்டது. அப்பா செத்து வெகுகாலம் ஆகிறது. போதும் தாயி என்றார். அவள் நிறுத்தவில்லை. அதற்கும் அடியில் வேறு யாரோ, பழைய ஆள், பழைய இருமல். அதையும் தேய்த்து எடுத்தாள். மறுபடி களிமண்ணை அழுத்தி, உருண்டையை எடுத்துத் தன் துவாரத்தில் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாவி மனசு, சந்தோஷப்பட நேரம் காலம் பார்க்கிறதா?

சுடலைமுத்து கேண்டீன் அடுப்பில் இரும்புக் கரண்டியை வைத்து ஈயம் உருக்கினார். அச்சை மூடினார்கள், ஊற்றினார்கள், கொஞ்சம் பொறுத்துத் திறந்தார்கள். குண்டு பொரித் தட்டில் விழுந்து ஒரு உருள் உருண்டு நின்றது. பளபளவென்று இருந்தது. செண்பகவல்லி அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பள்ளி விடுமுறையாதலால் நித்திலாவும் அங்கேதான் இருந்தாள். வாய் நிறையக் கடலையோடு ஓடிவந்தாள்.

"அம்மா, எனக்கு?"

சுடலைமுத்துதான் பதில் சொன்னார்.

"நல்ல நாளும் அதுவுமா புள்ள வாய் விட்டுக் கேக்குது. இல்லன்னு சொல்லப்படாதும்மா. ஈயம் மிச்சம் கெடக்குல்லா."

அது என்னுடைய அளவு, அவளுக்குச் சேராது என்றாள் செண்பகவல்லி.

"அதனால என்ன? வளருத புள்ளதான? கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும். வளர வளரச் சரியாயிரும்," என்றபடி அவர் அச்சை மூடிப் பிடித்தார். இதுவரை இல்லாத சுகத்தோடு அது ஓசைப்படாமல் மூடிக்கொண்டது. அவள் அவ்வளவு நன்றாகத் துலக்கியிருந்தாள்.

செண்பகவல்லி கரண்டியை அவரிடமிருந்து பிடுங்கினாள். மிச்ச ஈயத்தை அச்சின் வாயில் ஊற்றவில்லை. கீலில் ஊற்றினாள், கைப்பிடிகளின் இடுக்கில் ஊற்றினாள், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அச்சின் உடம்பு முழுக்க ஊற்றினாள். ஆறியதும் அது அச்சாக இல்லை. வெறும் கட்டி. அவள் ஆயுளில் ஒரு பழம்பொருளைக் கெடுத்தது அது ஒன்றுதான். தாழ்வாரத்தில் நிபுணர் நடப்பதை நிறுத்திவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தது தெரிந்தது.

நித்திலா ஓவென்று அழ ஆரம்பித்தாள். எதற்கு அழுகிறாய், பொரி தின்னு என்று சுடலைமுத்து சமாதானம் செய்தார். கேட்கிற பிள்ளையா அது. செண்பகவல்லி குனிந்து அவள் மூக்கைச் சிந்திவிட்டாள். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே முற்றத்துக்குப் போனாள்.

காப்பாட்சியர் குண்டை வாங்கித் துப்பாக்கியில் இட்டுக் கெட்டித்தார். மடங்கியே பிறந்த விரல் தானாக விசையில் போய் உட்கார்ந்தது.

"வெயில்ல நிக்காதம்மா. இப்படி நிழலுக்கு வந்து நில்லு," என்றார்.

அவள் நிழலுக்கு வந்து நின்றாள். எனக்கு எனக்கு என்று உள்ளே நித்திலா இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.