பதிஸ்தேயின் ட்ரம்பெட்

எங்கள் ஊர்ப் பழைய சாமான் சந்தை சனிக்கிழமைதோறும் மீன்பிடித் துறைக்குப் பின்னால், பேரீச்ச மரங்களின் கீழே கூடும். நான் அங்கே பழைய துணி விற்கிறேன். பக்கத்து இடம் ரெமெயுடையது.

ரெமெய் கடை போட்டதே அவள் புருஷன் பதிஸ்தேயால்தான். இருபது வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு, பக்கத்து ஊர் அல்தேயாவில் நீச்சலுடைக் கடை வைத்திருக்கும் ஃபபியோலாவோடு அவன் போய்விட்டான். சாமான்களைப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். வரவில்லை. இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டு, ரெமெய் ஒவ்வொன்றாகச் சந்தைக்குக் கொண்டுவர ஆரம்பித்தாள்.

பொய் சொல்லி விற்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. இந்தத் தூண்டிலில் ஒரு மீன்கூட மாட்டியதில்லை, கரையில் உட்கார்ந்து தூங்கத்தான் அவன் இதை வைத்திருந்தான் என்பாள். இந்தச் சட்டையைப் போட்டால் தொப்பை தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தான் என்பாள். வெயில் காய வரும் வெளிநாட்டுக்காரர்கள் பாதி புரிந்தும் புரியாமலும் சிரித்துவிட்டு வாங்கிப் போவார்கள்.

அவனுடைய ட்ரம்பெட்டை மட்டும் அவள் ரொம்ப நாள் வெளியே எடுக்கவில்லை. போன மே மாதம் ஒரு சனிக்கிழமை அதையும் கொண்டுவந்து வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒரு டச்சுக்காரர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அடியில் துளை போட்டு, பல்பு மாட்டி, மேஜை விளக்காக்கப் போவதாகச் சைகையில் சொன்னார். ரெமெய் தலையாட்டினாள். அப்போதுதான் அவர் முதுகுக்குப் பின்னால் பதிஸ்தே நிற்பதைப் பார்த்தேன். இளைத்திருந்தான். அல்தேயா பேண்டு வாத்தியக் குழுவில் தன்னைச் சேர்த்துக்கொண்டார்கள், ட்ரம்பெட்டை எடுத்துப்போகத்தான் வந்தேன் என்றான்.

“அது என்னோடது, ரெமெய்.”

“இந்த ஐயா முதல்ல வந்தாரு. வரிசைன்னு ஒண்ணு இருக்கில்ல.”

“இவரு அதுல ஓட்டை போடப் போறாரு.”

“போடட்டுமே. இத்தனை வருஷம் சும்மாதானே கெடந்தது. வெளிச்சமாவது குடுக்கட்டும்.”

டச்சுக்காரருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ட்ரம்பெட்டை மெதுவாகப் பதிஸ்தேயிடம் நீட்டினார். அவன் வாய் வைக்கும் இடத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு ஊதினான். எங்கள் ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் வாசிக்கிற மெட்டு. முதலில் கரகரத்தது, பிறகு தெளிந்து வந்தது. எதிர்க்கடையில் பீங்கான் கோப்பைகளுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். ரெமெய் மேஜைவிரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

“அங்க வீட்ல வாசிப்பியா?” என்று முடிந்ததும் கேட்டாள்.

“ஃபபியோலாவுக்குச் சத்தம்னாலே தலைவலி. அதான் இத்தனை நாள் எடுக்க வரல.”

“இருபது வருஷம் எனக்கும் தலைவலிதான். ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா?”

அவன் பர்ஸை எடுத்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“காசு வேணாம், எடுத்துட்டுப் போ. தினமும் வாசி. வீட்டுக்குள்ளயே வாசி. நான் குடுத்து விட்டேன்னு அவகிட்ட சொல்லு.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் அரைகுறையாகச் சிரித்துவிட்டு, ட்ரம்பெட்டை நெஞ்சோடு அணைத்தபடி போனான். டச்சுக்காரருக்கு ரெமெய் ஒரு பித்தளைக் கூஜாவைக் காட்டி, இதில் துளை போட்டுக்கொள்ளுங்கள், யாரும் திரும்பக் கேட்டு வரமாட்டார்கள் என்றாள்.

மத்தியானம் கடையைக் கட்டிவிட்டு, துறைமுகத்து ஓரம் பொரித்த நெத்திலி சாப்பிட உட்கார்ந்தோம். அவள் தட்டைத் தொடவில்லை.

“தலைவலியெல்லாம் ஒண்ணும் இல்லடி, ஃபினா,” என்றாள். “சாயங்காலம் அவன் வாசிக்கறப்ப சமையக்கட்டு ஜன்னலத் திறந்து வைப்பேன். தெருவுல போறவங்களும் கேக்கட்டும்னு.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை போன் செய்தாள். மலைப்பக்கத்தில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்களாம், சாமான்களைப் பார்த்து வாங்கப் போகிறேன், கூட வருகிறாயா என்றாள். போனோம். அடுத்த சனிக்கிழமை அவள் மேஜையில் யாரோ முன்பின் தெரியாதவர்களின் கண்ணாடிகளும் நீலப்பூப் போட்ட தட்டுகளும் இருந்தன. மத்தியானத்துக்குள் பாதி விற்றுப்போயிற்று.