மூன்று கம்பங்கள் சொன்னால்

தலைச்சோலை என்ற மலைக்கிராமத்துக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட். அதன் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னாலிருந்த சரிவில், சேலத்து இன்ஜினியர் தேவகுமாரி ஐந்து கம்பங்கள் நட்டாள். ஒவ்வொன்றிலும் மண் நகர்வதை உணரும் கருவியும் ஒரு சிறு கம்ப்யூட்டரும் இருந்தன. அவற்றுக்குத் தலைமை கிடையாது. ரேடியோவில் ஒன்றோடொன்று பேசி, சைரன் ஒலிக்க வேண்டுமா என்று தாங்களே முடிவெடுக்கும்.

முதலில் ஒரு கம்பம் சொன்னாலே சைரன் ஒலித்தது. காட்டெருமை உரசினாலும் ஒலித்தது. ஒவ்வொரு முறையும் ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் லைன்காரர்கள் சார்பில் மாதேஷ் வந்தான்.

“ஏனுங்க மேடம், இப்படியே போனா நெசமாலுமே சரியறப்ப ஒருத்தரும் வெளிய வரமாட்டாங்க. ஏதாச்சும் பண்ணுங்க.”

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. மூன்று கம்பங்களாவது ஒத்துச் சொன்னால்தான் சைரன் என்று மாற்றினாள். மாதேஷின் மனைவி கண்ணாயி ஒரு பை கொய்யா கொடுத்தனுப்பினாள்.

கார்த்திகை மழையில் நாள்கணக்காக வெயிலே இல்லை. இரண்டு கம்பங்களின் சோலார் பேட்டரி இறங்கிப்போனது. சேலத்து ஆபீசில் அதைப் பார்த்த தேவகுமாரி, மழை விட்டதும் போய்ச் சரிசெய்யலாம் என்று இருந்துவிட்டாள்.

ஒரு மதியம் சரிவு நகரத் தொடங்கியது. மேலேயிருந்த இரண்டு கம்பங்கள் சொல்லின. பாறையை ஒட்டி நின்ற மூன்றாவதற்கு ஒன்றும் தெரியவில்லை. மற்ற இரண்டும் ஏற்கெனவே செத்துக் கிடந்தன. சைரன் ஒலிக்கவில்லை. மூன்று வீடுகள் மண்ணுக்குள் போயின. எல்லோரும் தோட்டத்தில் இருந்தார்கள். சாப்பாட்டுக்கு வந்த கண்ணாயி மட்டும் உள்ளே இருந்தாள்.

மறுநாள் தேவகுமாரி போனபோது மாதேஷ் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணெல்லாம் சேறு.

“மன்னிச்சிருங்க. மூணு சேரணும்னு நான்தான்…” என்றாள் அவள்.

“நாந்தானுங்களே கேட்டேன்.” மேலே சரிவைப் பார்த்துக் கேட்டான்: “ஒண்ணுகூடவா சொல்லலீங்க?”

“ரெண்டு சொல்லுச்சுங்க.”

“எப்பங்க?”

தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். அவன் முகத்துக்கு நேரே பொய் வரவில்லை.

“மண்ணு வர்றதுக்குக் கால்மணி நேரம் முன்னாடி.”

“கால்மணி நேரம்.” அவன் தலையை ஆட்டிக்கொண்டான். “அவ நொம்ப வேகமா நடப்பாளுங்க. பஸ் ரோட்டுக்கே போயிருப்பா.”

கீழே கண்ணாயியைத் தேடித் தோண்டியவர்களின் மண்வெட்டிச் சத்தம் நின்றது. யாரோ மாதேஷின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்தான். தேவகுமாரியும் கூட நடந்தாள்.

“நீங்க வராதீங்க மேடம்,” என்றான், கோபமில்லாமல்.

சேற்றில் கால் பதித்துப் பதித்து இறங்கிப் போனான்.